பார்ட்டிஷன் வேறு, சப்டிவிஷன் வேறு: சேலம் பக்கம் நிலம் பாகம் பிரிக்கப் போகிறவர்களுக்கு

அப்பா காலமான பிறகு, ஆத்தூர் ரோட்டுப் பக்கம் எங்களுக்கு இருந்த 2 ஏக்கர் 40 சென்ட் தோட்டத்தை அண்ணன், நான், தங்கச்சி மூவரும் பாகம் பிரித்துக்கொண்டோம். எங்களுக்குள் சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை. ஆனாலும் உட்கார்ந்து பேசிய நாளிலிருந்து மூன்று பேர் கைக்கும் தனிப் பட்டா வந்து சேர ஒரு வருடமும் நான்கு மாதமும் ஆயிற்று. அதில் பாதிக்கு மேல் வீணாய்ப் போன நாட்கள்.

வீணானதற்குக் காரணம் சொற்கள்தான். நாம் "பிரிச்சாச்சா?" என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் கேட்டுவிடுகிறோம். ஆபீஸ்களிலோ பிரிப்பதற்கு ஏழெட்டு ஆங்கிலச் சொற்கள் புழங்குகின்றன. ஒவ்வொன்றும் வேறு வேலை, வேறு அலுவலகம், வேறு கட்டணம். ஒன்றை முடித்துவிட்டு எல்லாம் முடிந்தது என்று நாங்கள் வீட்டுக்கு வந்துவிட்டோம். நீங்கள் அப்படி வந்துவிடக் கூடாது என்பதற்காக வரிசையாக எழுதுகிறேன்.

1. முதலில் சொற்களைத் தனித்தனியாகத் தெரிந்துகொள்ளுங்கள்

பார்ட்டிஷன் என்றால் உரிமையைப் பிரிப்பது. கூட்டாக இருந்த உரிமை ஆளுக்கொன்றாகிறது. இதுதான் பாகப்பிரிவினை, சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரமாகப் பதிவாகும்.

சப்டிவிஷன் என்றால் சர்வே எண்ணைப் பிரிப்பது, அதாவது உட்பிரிவு. 142/3 என்று இருந்த ஒரே புலம் 142/3ஏ, 3பி, 3சி என்று மூன்றாகும். இதைச் செய்வது வருவாய்த்துறையும் சர்வேயரும். பத்திரம் பதிவானதுமே வரைபடத்தில் கோடு விழுந்துவிடாது. அந்தக் கோடு விழும்வரை பட்டா கூட்டுப் பட்டாவாகவே இருக்கும். எங்களுக்கு இது உறைத்தது அண்ணன் பயிர்க்கடன் கேட்டுப் போன அன்றுதான். பத்திரம் கையில் இருந்தது. "தனிப் பட்டா எங்கே?" என்றார்கள்.

ஷேர் என்றால் பங்கு என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால் அன்டிவைடட் என்று ஒரு சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். அன்டிவைடட் ஷேர் என்றால் பிரிபடாத பங்கு. கணக்கில் மூன்றில் ஒன்று உங்களுடையது, ஆனால் எந்த மூலை உங்களுடையது என்று யாராலும் காட்ட முடியாது. வேலி போட முடியாது, விற்றால் வாங்குகிறவர் பங்காளிகளோடு வழக்காட வேண்டிவரும். "மூன்றில் ஒரு பாகம் அடைந்துகொள்ள வேண்டியது" என்று மட்டும் எழுதி எல்லை சொல்லாத பத்திரம் உங்களை இந்த இடத்தில்தான் நிறுத்தும்.

இதற்கு எதிர்ப்பதம் மீட்ஸ் அண்ட் பவுண்ட்ஸ். அளவும் நான்கு எல்லையும் சொல்லிப் பிரிப்பது. நம் பத்திரங்களில் செக்குபந்தி என்று எழுதுவது இந்த எல்லைகளைத்தான். வக்கீல் வாயிலிருந்து இந்தச் சொல் வந்தால் சரியான பாதையில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

அலாட் என்றால் ஒதுக்குவது: ஏ ஷெட்யூல் அண்ணனுக்கு, பி ஷெட்யூல் தம்பிக்கு என்று. இந்தச் சொல்லுக்குள் இருக்கும் லாட் என்பது குலுக்கிப் போடும் சீட்டு. நம் ஊரிலும் திருவுளச்சீட்டு போட்டுத்தானே பாகம் எடுக்கிறோம்! எங்கள் வீட்டில் மூன்று காகிதத்துண்டை மடித்துச் சொம்பில் போட்டு, அண்ணன் பேத்தியை எடுக்கச் சொன்னோம். யாருக்கும் மனக்குறை இல்லாமல் முடிந்தது. சமமான பாகம் போட முடிகிற இடத்தில் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ரிலீஸ் என்பது பிரிப்பதே அல்ல, விட்டுக்கொடுப்பது. ஒருவர் தன் பங்கை மற்றவருக்கு விட்டு விலகுகிறார், விடுதலைப் பத்திரம். தங்கச்சிக்கு நிலத்தில் பங்கு கொடுக்கப் போகிறீர்கள் என்றால் அவரிடம் ரிலீஸ் எழுதி வாங்கக் கூடாது. "எல்லாம் ஒண்ணுதான், கையெழுத்துப் போடுங்க" என்று யாராவது சொன்னால் அது ஒன்று அல்ல.

பைஃபர்கேஷன் இரண்டாக்குவது. தனியாக மீட்டர், தனியாக வரி ரசீது கேட்கும்போது காதில் விழும். மூன்று பேர் இருக்கும்போது இந்தச் சொல்லைப் போட்டு மனு எழுதினால் குழப்பம். "மூன்று தனி இணைப்பு" என்று எண்ணிக்கையைச் சொல்லி எழுதுங்கள். டிவைட், ஸ்ப்ளிட் இரண்டும் பேச்சுக்குச் சரி. கையெழுத்துப் போடும் காகிதத்தில் வேண்டாம். ஏன் என்று ஐந்தாவது படியில் சொல்கிறேன்.

2. எத்தனை பங்கு என்று எண்ணுங்கள்

அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்து, உயில் இல்லை, இந்துக் குடும்பம் என்றால் மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு. அப்பாவின் தாயார் அப்போது உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. பலர் தவறவிடுவது இந்த அப்பத்தாவின் பங்கைத்தான். பிற்பாடு அத்தைமார்கள் அதைக் கேட்டு வருவார்கள். கேட்பது சட்டப்படி சரியாகவும் இருக்கும்.

பாட்டன் சொத்து என்றாலும் மகளுக்குப் பங்கு உண்டு. கல்யாணமானதோ சீர் செய்ததோ அதைக் குறைக்காது. 2020 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவுப் பத்திரம் மூலமோ நீதிமன்றத் தீர்ப்பு மூலமோ முடிந்துபோன பாகப்பிரிவினை மட்டும் விலக்கு.

பங்காளிகளில் ஒருவர் முன்பே இறந்திருந்தால் பெர் ஸ்டர்ப்பிஸ், பெர் காப்பிட்டா என்ற இரண்டு லத்தீன் சொற்கள் வக்கீல் மேஜையில் வரும். முன்னது கிளைவாரி, பின்னது தலைவாரி. தாத்தா இறக்கும் முன்பே பெரியப்பா இறந்துவிட்டார், அவருக்கு மூன்று பிள்ளைகள் என்றால், அந்த மூவரும் சேர்ந்து பெரியப்பாவின் ஒரே பங்கைத்தான் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஆளுக்கொரு பங்கு என்று தலையை எண்ணினால் மொத்தக் கணக்கும் தவறிவிடும். மைனர் பிள்ளைகள் இருந்தால் வக்கீலைப் பார்க்காமல் ஒரு வரியும் எழுதாதீர்கள்.

3. காகிதங்கள்

இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, அசல் தாய்ப்பத்திரம் (சொத்து அப்பாவுக்கு வந்த மூலப் பத்திரம்), வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்), பட்டா சிட்டா, அ-பதிவேடு (கிராம நிலக் கணக்கு) நகல், புலப்படம் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்). அப்புறம் எல்லோருடைய ஆதார், இரண்டு சாட்சிகளின் ஆதார், போட்டோக்கள்.

வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் மனு கொடுத்தால் போதும், தாசில்தார் வழங்குவார். எல்லோர் பெயரும் ஆதாரில் உள்ள எழுத்தோடு ஒத்திருக்கட்டும். வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். பட்டாவும் புலப்படமும் வருவாய்த்துறை இணையதளத்தில் கிடைக்கின்றன. இவற்றை நீங்களே எடுத்துப் பாருங்கள். பத்திரத்தில் 2.40 ஏக்கர், பட்டாவில் 2.36 என்றால் அந்த நான்கு சென்ட் எங்கே போயிற்று என்று இப்போதே தேட வேண்டும்.

தாய்ப்பத்திரம் தொலைந்திருந்தால் முதலில் காவல் நிலையத்தில் புகார் கொடுத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று வாங்குங்கள். அதற்கே மாதங்கள் ஓடும். மற்ற வேலைகளைத் தொடங்கும் முன் அலமாரியைத் தேடிவிடுங்கள்.

இன்னொரு விஷயம். ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்துச் சொத்தாக இருந்தால் பழைய பத்திரத்தில் சேலம் மாவட்டம் என்று இருக்கும். 1997 ஜனவரி 1 முதல் அவை நாமக்கல் மாவட்டம். புதுப் பத்திரத்தில் இன்றைய மாவட்டம், வட்டம், கிராமத்தின் பெயரை எழுதி, "முன்பு சேலம் மாவட்டம்" என்றும் ஒரு வார்த்தை சேர்த்துவிடுங்கள்.

4. பத்திரத்துக்கு முன்னால் நிலத்தை அளந்துவிடுங்கள்

இந்த வரிசை மாறினால் எல்லாமே இரண்டாவது தடவை செய்ய வேண்டியிருக்கும். நாங்கள் பத்திரத்தில் "வடபுறம் 80 சென்ட், நடுவில் 80 சென்ட், தென்புறம் 80 சென்ட்" என்று எழுதிவிட்டோம். தோட்டம் நேர்ச்சதுரம் அல்ல. கிழக்கே வாய்க்காலை ஒட்டி வளைந்து போகிறது. உட்பிரிவுக்கு அளந்தபோது நடுப்பாகத்தின் எல்லை கிணற்றுமேட்டுக்குள் விழுந்தது. பிழைதிருத்தல் பத்திரம் போட மூன்று பேரும் மறுபடி கூட வேண்டியதாயிற்று.

அதனால் ஒரு தனியார் சர்வேயரை அழைத்து வந்து, புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அளந்துவிடுங்கள். எங்களுக்கு 6,000 ரூபாய் ஆயிற்று. முதலிலேயே செய்திருந்தால் மிச்சமாகியிருக்கும் தொகை அதைவிட அதிகம். மூலைக்கல் இருக்கிறதா பாருங்கள். எங்கள் தென்மேற்குக் கல்லைப் பாக்கு மரத்தடியில் ஒரு முழம் தோண்டித்தான் எடுத்தோம். மேலே வெட்டியிருந்த குறி அப்படியே இருந்தது. அது கிடைத்த பிறகுதான் மற்ற அளவுகள் ஒன்றோடொன்று பொருந்தின.

அலகுகளையும் கவனியுங்கள். நாம் பேசுவது ஏக்கர், சென்ட். பட்டா பேசுவது ஹெக்டேர், ஏர்ஸ். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், ஏறக்குறைய 2.47 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. எங்கள் 2.40 ஏக்கர் பட்டாவில் 0.97.0, அதாவது 0 ஹெக்டேர் 97.0 ஏர். 80 சென்ட் என்பது 0.32.37. மூன்று பாகத்தையும் 0.32.5 என்று உயர்த்தி எழுதினால் கூட்டுத்தொகை 0.97.5 ஆகிவிடும், இல்லாத நிலம் வந்துவிடுகிறது. கடைசியில் 32.5, 32.5, 32.0 என்று வந்தது. அண்ணன் அந்த 32.0ஐ எடுத்துக்கொண்டார். இந்த அரை ஏர் பேச்சை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஆணை வந்தபிறகு பார்த்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்று தோன்றும்.

பிரிக்க முடியாதவற்றைப் பிரிக்காதீர்கள். கிணறு, மோட்டார், தடம், களம் இந்த நான்கும் பொதுவில் இருக்கட்டும். பொதுவில் இருக்கிறது என்று வாயால் சொன்னால் போதாது, பத்திரத்தில் ஏறவேண்டும். கிணற்றில் மூன்றில் ஒரு பங்கு, யாருக்கு எந்தக் கிழமை முறைத்தண்ணீர், மோட்டார் பழுதானால் செலவு எப்படி, மின் இணைப்பு யார் பெயரில் இருக்கும் என்று எழுதுங்கள். தடத்தை "மாமூல் தடம்" என்று விட்டுவிடாதீர்கள். எங்கிருந்து எங்கே வரை, எத்தனை அடி அகலம் என்று போடுங்கள். நாங்கள் 12 அடி வைத்தோம், டிராக்டர் திரும்ப. குச்சிக்கிழங்கு லோடு ஏற்ற லாரி உள்ளே வரவேண்டும் என்றால் அதுவும் போதாது.

5. வெளிநாட்டில் இருப்பவர்களின் பவர்

தங்கச்சி குடும்பத்தோடு வளைகுடாவில் இருக்கிறார். நேரில் வரமுடியாததால் அவர் கணவரின் தம்பிக்குப் பவர், அதாவது தன் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம், கொடுத்தார். அதை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தவர், நிலத்தை "டிவைட் செய்யவும் நிர்வகிக்கவும்" அதிகாரம் என்று போட்டிருந்தார். படிக்கும்போது எங்களுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பதிவுக்குப் போனபோது, பார்ட்டிஷன் டீட் எழுதிக் கையெழுத்திட்டுப் பதிவு செய்ய அதிகாரம் இதில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னது நியாயம்தான். பவர் பத்திரத்தில் எழுதிய அதிகாரம் மட்டுமே உண்டு; ஊகித்துச் சேர்த்துக்கொள்ள முடியாது.

எனவே பவரில் மூன்று வினைகள் தனித்தனியாக இருக்கவேண்டும்: பார்ட்டிஷன் செய்ய, அந்தப் பத்திரத்தில் கையெழுத்திட, பதிவுக்குத் தாக்கல் செய்ய. நான்காவதாக சப்டிவிஷனுக்கும் பட்டா மாறுதலுக்கும் மனுச் செய்ய. சொத்து விவரம் சர்வே எண்ணோடு இருக்கட்டும். விற்கவும் ரிலீஸ் செய்யவும் அதிகாரம் தேவையில்லை என்றால் அவற்றைச் சேர்க்க விடாதீர்கள். தூரத்தில் இருக்கும் தங்கச்சிக்கு அதுதான் பாதுகாப்பு.

அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பிய பவர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத்தீர்வை கட்டவேண்டும். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் இந்த வேலை நடக்கும். தபால் உறையைக் கிழித்து எறியாதீர்கள். வந்த தேதிக்கு அதுதான் ஆதாரம். எங்களுக்கு இரண்டாவது பவர் வர பத்து வாரம் ஆயிற்று.

6. பத்திரமும் பணமும்

வெள்ளைத்தாளில் கூர்சீட்டு (யாருக்கு எந்தப் பாகம் என்ற குறிப்பு) எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்வது நம் பக்கம் சாதாரணம். பேச்சை நினைவில் வைக்க அது உதவும். நிலத்தைப் பிரிக்கும் பத்திரமாக அது நிற்காது, பதிவு கட்டாயம். கையெழுத்திட்ட நாளிலிருந்து 4 மாதத்துக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்துவிட வேண்டும்.

குடும்ப உறுப்பினர்களுக்குள் பாகப்பிரிவினை என்றால் முத்திரைத்தீர்வை சந்தை மதிப்பில் 1 சதவீதம், ஒரு பங்குக்கு அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், பங்குக்கு அதிகபட்சம் 10,000. 2023 ஜூலை 10 முதல் இந்த உச்சவரம்புகள். அதற்கு முன் இருந்த 25,000, 4,000 கணக்கை இன்றும் சிலர் சொல்வார்கள், நம்பிப் பணத்தைக் குறைவாக எடுத்துப் போகாதீர்கள். தீர்வையை மொத்தச் சொத்துக்கும் போடமாட்டார்கள். பெரிய பங்கு ஒன்றை விட்டுவிட்டு, அதிலிருந்து பிரிந்து போகும் பங்குகளுக்குத்தான் தீர்வை. மூன்றும் தலா 8 லட்சம் என்றால் இரண்டு பங்கு, 16 லட்சம், தீர்வை 16,000.

குடும்பம் என்ற சொல்லுக்கு இங்கே வரையறை உண்டு. பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், உடன்பிறந்தோர் சரி. சித்தப்பா மக்களோடு பிரிக்கிறீர்கள் என்றால் முன்பே அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்; குடும்பம் அல்லாதவர்கள் என்று ஆகிவிட்டால் 4 சதவீதம், உச்சவரம்பும் இல்லை.

எழுதுகூலி தனி. நாங்கள் 9,000 கொடுத்தோம். எழுதியதும் அச்செடுத்து வாங்கி வீட்டில் எல்லோரும் சத்தமாகப் படியுங்கள், குறிப்பாகச் செக்குபந்தியை. வடக்கே என்பது யாருக்கு வடக்கே என்று ஒவ்வொரு பாகத்துக்கும் விரலை வைத்துப் பாருங்கள்.

7. அன்றே உட்பிரிவு

பத்திரம் பதிவான அன்றே இதைத் தொடங்குங்கள். கிராமத்தில் ஒரு உட்பிரிவுக்கு 400 ரூபாய், மாநகராட்சிக்குள் 600. எங்களுக்கு மூன்றுக்கு 1,200. பதிவின்போதே கட்டியிருந்தால் ரசீதில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் இ-சேவையிலோ தமிழ்நிலம் இணையதளத்திலோ மனு. உட்பிரிவு உள்ள பட்டா மாறுதல் என்பதைத் தேர்ந்தெடுங்கள். உட்பிரிவு இல்லாதது என்று தேர்ந்தெடுத்தால் மூன்று பெயரும் ஒரே கூட்டுப் பட்டாவில் ஏறிவிடும். நாங்கள் பட்ட பாடு அதுதான்.

30 நாள் கணக்கு சொல்வார்கள். சர்வேயர் வரும் தேதி குறுஞ்செய்தியில் வரும். அன்று மூன்று பங்காளிகளும் பக்கத்துக் காட்டுக்காரர்களும் இருக்கட்டும், எல்லையில் முள் செடி வெட்டியிருக்கட்டும். ஆணை வந்ததும் பட்டாவோடு நிறுத்தாமல் புலப்படத்தை மறுபடி இறக்கிப் பாருங்கள். புதுக்கோடு விழுந்திருக்க வேண்டும்.

சேலம் நகருக்குள் வீடு என்றால் டவுன் சர்வே எண், வார்டு, பிளாக் என்று கணக்கே வேறு. குகை, அம்மாப்பேட்டை பக்கத்துக் குறுகலான வீடுகளைச் சுவரெழுப்பிப் பிரிப்பதைவிட ஒருவர் வாங்கிக்கொண்டு மற்றவர்களுக்குப் பணம் கொடுப்பது நல்லது. அந்த இடத்துக்கு ரிலீஸ் சரியான பத்திரம்.

8. ஏற்காட்டு மலையில் நிலம் இருந்தால்

என் மச்சான் வீட்டார் சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டம் பிரித்தபோது கூட இருந்தேன். அங்கே ஏக்கர் சமமாக இருந்தால் பாகம் சமம் என்று நினைக்கக் கூடாது. சரிவான நிலத்தை அளக்கும்போது சர்வேயில் கணக்காவது தட்டையான பரப்பு. நடந்து பார்க்கும் நிலம் அதைவிட அதிகம். ஊற்று எந்தப் பக்கம், சில்வர் ஓக் எத்தனை, மிளகுக்கொடி எத்தனை, ரோட்டுக்கு மூட்டை சுமக்க எவ்வளவு ஏற்றம் என்பதுதான் மதிப்பு. அவர்கள் மரங்களை எண்ணி, காய்ப்பை வைத்துப் பிரித்தார்கள். உலர்களமும் பழம் உரிக்கும் மெஷினும் பொது.

காப்பி பறிப்பு முடிந்தபின் அளக்க வைத்துக்கொள்ளுங்கள்; நவம்பர் முதல் ஜனவரி வரை யாரும் கூடமாட்டார்கள், பழத்தையும் மிதிக்க வேண்டிவரும். கோடை மழைக்குப் பூ எடுப்பதற்கு முன்னால் முடித்துவிடுவது நல்லது. பட்டாவில் நிபந்தனை எதுவும் இருக்கிறதா என்று தாலுகா அலுவலகத்தில் கேளுங்கள். அரசு ஒப்படைத்த நிலமாக இருந்தால் அந்த நிபந்தனையைப் படிக்காமல் பிரிக்கக் கூடாது. பிரித்த பாகத்தில் கட்டடம் கட்டும் எண்ணம் இருந்தால் மலைப்பகுதிக்கென்று தனி அனுமதி உண்டு. பாகம் போடுவதற்கு முன்பே அதை விசாரித்துவிடுங்கள். கட்ட முடியாத சரிவு யார் தலையில் விழுகிறது என்பதும் பங்கின் மதிப்பில் சேர்ந்ததுதான்.

தனிப் பட்டா வந்தபின் ஒரு நாள் ஒதுக்கி மூன்று பேரும் சேர்ந்து எல்லையில் கல் நட்டுவிடுங்கள். நாங்கள் நட்ட அன்று தங்கச்சி வீடியோ அழைப்பில் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பாகத்தின் நான்கு கல்லையும் ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்லி, பக்கத்தில் எந்த மரம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.